வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்: மதிப்பீட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரித் தொழிற்பயிற்சிப் படிப்புகளின் மதிப்பீட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

மாணவர்களின் கற்றலை அளக்கப் புதிய முறையை வகுக்க இருக்கிறீர்கள். பயிற்சிக்கூடத்தில் அவர்களோடு நிற்கும் ஆசிரியனாக நான் கேட்பது ஒன்றுதான்: மாணவர் வேலை செய்வதைப் பார்த்து மதிப்பிடும் முறையாக அது இருக்கட்டும்.

படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு தேவைதான். ஆனால் ஆள் தட்டுப்பாடு உள்ள ஆண்டில் அரைகுறையாகக் கற்றவருக்கும் வேலை கிடைத்துவிடும். தொழில் மந்தமானால் நன்றாகக் கற்றவரும் காத்திருப்பார். அந்த எண்ணில் கற்றலை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் 1990இல் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: அறிந்திருத்தல், செய்யும் விதம் அறிதல், செய்து காட்டுதல், பணியிடத்தில் செய்தல். நம் வினாத்தாள்கள் இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றன. வெல்டிங்கில் வரும் குறைகளைப் பக்கம் பக்கமாக எழுதும் மாணவர் போட்ட வெல்டிங், வளைத்துப் பார்த்தால் விரிசல் விடலாம்.

செய்முறைத் தேர்வு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஒரே வேலைக்கு ஒரு தேர்வாளர் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கிறார், இன்னொருவர் பாதிகூடத் தருவதில்லை. மருத்துவத் தேர்வுகளில் இருந்த இதே சிக்கலுக்கு ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் 1975இல் ஒரு வழி சொன்னார்கள். மாணவர்கள் தேர்வு நடக்கும் இடத்தில் அமைத்த பல நிலையங்களுக்கு வரிசையாகப் போவார்கள். ஒவ்வொன்றிலும் குறித்த வேலை, குறித்த நேரம், முன்பே எழுதிவைத்த சரிபார்ப்புப் பட்டியல். இதை ஒவ்வொரு தொழிலுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பட்டியலில் 'நன்று', 'சுமார்' என்றெல்லாம் எழுதிப் பயனில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, மின்னோட்டம் இல்லை என்று சோதித்த பிறகுதான் கம்பியில் கை வைத்தாரா? ஆம் அல்லது இல்லை. இப்படிப்பட்ட படியில் தவறினால், மற்ற இடங்களில் எடுத்த மதிப்பெண் அதை ஈடுகட்டக் கூடாது. சராசரி போட்டுத் தேர்ச்சி கொடுத்தால், ஆபத்து அவரோடு பணியிடத்துக்குப் போகும்.

பட்டியலை எழுதும்போது தொழிற்கூடங்களின் மேற்பார்வையாளர்களையும் கூப்பிடுங்கள். ஆனால் முழுப் பொறுப்பையும் அவர்களிடம் விட்டுவிடாதீர்கள். அவரவர் இயந்திரத்துக்கு ஏற்ற ஆளைக் கேட்பது இயல்பு. மாணவருக்கோ இன்னொரு இடத்திலும் பிழைக்கத் தெரிய வேண்டும். அப்புறம், தேர்வுக்கு முன் மதிப்பீட்டாளர்கள் ஒரு மாணவர் வேலை செய்யும் ஒரே காணொளிக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிடட்டும். எங்கே வேறுபடுகிறார்களோ அங்கே பட்டியலின் வாசகத்தைத் திருத்துங்கள்.

சேரும்போதே ஒரு சிறு சோதனையும் வேண்டும். சிலர் பல ஆண்டு அனுபவத்தோடு வருகிறார்கள். தொடக்க நிலை தெரியாமல், நாம் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று எப்படிச் சொல்வது?

இதற்கெல்லாம் ஆசிரியரின் நேரமும் பயிற்சிப் பொருட்களும் செலவாகும். அந்த நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் பட்டியல் வெறும் காகிதமாகிவிடும். அடுத்த பருவத்தில் ஒரே ஒரு படிப்பில் தொடங்குங்கள். அங்கே பட்டியல் எழுதவும் திருத்தவும் நான் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு பயிற்சி ஆசிரியன்