எடிட்டர் கேட்டாயே, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

எந்த எடிட்டரில் அடிப்பது என்று கேட்டாயே, ராத்திரி போனில் சரியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். தேவாரத்தை எக்ஸ்எம்எல்லில், அதாவது எது பாட்டு, எது அடி என்று கணினிக்குப் புரியும்படி டேக் என்ற அடையாளக் குறிகள் போட்டு, கொடுக்கும் வேலை உனக்கு வந்திருக்கிறது என்றதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அப்பர் கரையேறிய ஊரில் பிறந்த பிள்ளை நீ. ஆனால் வேர்டில் அடிக்கப் போகிறேன் என்றாயே, அது மட்டும் வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி பார்த்தபோது நான் பட்டது இது. 80 பக்கத்தை வேர்டில் அடித்து, டேக் எல்லாம் கையால் போட்டுக் கொடுத்தேன். நேராக நான் அடித்த மேற்கோள் குறிகளை அது தானாகவே வளைத்துவிட்டிருக்கிறது. டேகுக்குள் வருகிற மதிப்பு நேர் குறிக்குள்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் கோப்பைப் படிக்கிற பார்சர் என்ற மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். மூன்று ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன்.

என்னைக் கேட்டால் ஈமாக்ஸ் என்ற எடிட்டரைப் போட்டுக்கொள். அதில் எக்ஸ்எம்எல் எழுதுவதற்கென்றே என்எக்ஸ்எம்எல் மோட் இருக்கிறது, ஜேம்ஸ் கிளார்க் எழுதியது. 1998-ல் வந்த எக்ஸ்எம்எல்லை உருவாக்கிய குழுவுக்குத் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர். 2009-ல் வந்த ஈமாக்ஸ் 23 முதல் அந்த மோட் கூடவே வருகிறது. நூல்களுக்கு டேக் போடுவதற்கான டிஇஐ முறையின் ஸ்கீமாவை, அதாவது எந்த டேக் எங்கே வரலாம் என்ற விதிக் கோப்பை, ரிலாக்ஸ் என்ஜி காம்பாக்ட் என்ற வடிவில் காட்டிவிட்டால் போதும், பாட்டுக்கு எல்ஜி டேக், அடிக்கு எல் டேக் என்று நீ போட்டுக்கொண்டு போகும்போதே தப்பு விழுந்த இடத்தில் சிவப்புக் கோடு வந்துவிடும். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் எஃப் அடித்தால் திறந்த டேகை அதுவே மூடும். ஒரு வாரம் பழகியும் கைக்கு வரவில்லையா, சரி, விஎஸ் கோடு என்ற எடிட்டருக்குப் போ, எக்ஸ்எம்எல்லுக்கான எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால் அதுவும் சரிபார்க்கும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், நீ கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. "சொற்றுணை" என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பார். அந்த ஒகரக் குறியை, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் பல தேடல்களில் ஒன்று சிக்கும், மற்றது சிக்காது. ஈமாக்ஸில் அந்த எழுத்தில் கர்சரை வைத்து கன்ட்ரோல் யூ, கன்ட்ரோல் எக்ஸ், சமக்குறி அடி, உள்ளே எத்தனை குறி என்று காட்டிவிடும். ஒவ்வொரு கோப்பையும் முடித்ததும் என்எஃப்சிக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்கு, மாற்றி வைத்துவிடு.

முதல் பதிகம் முடிந்ததும் எனக்கு அனுப்பு, நானும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருக்காதே.

அம்மா,
கடலூர்