கடலோர வீட்டுப் படங்களை மழைக்கு முன் இறக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள், மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்து வீடுகளில் இருக்கும் பழைய படங்களைச் சுவரிலிருந்தும் பரணிலிருந்தும் இறக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். கல்யாணப் படத்தையும் ஸ்டூடியோப் படத்தையும் எப்படியோ காப்பாற்றிவிடுகிறோம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தமிழகத்து ஸ்டூடியோப் படங்களை ஆயிரக்கணக்கில் டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். கரைவலை இழுப்பது, வத்தை என்னும் சிறு படகைக் கரையேற்றுவது, ஊற்றில் சிரட்டையால் தண்ணீர் மொள்வது, வாசலில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைவது போன்ற அன்றாடப் படங்களைத்தான் கேட்பாரில்லை. அவை மூன்றங்குலச் சதுரத்தில், தகரப் பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன.

கெடுப்பது உப்புக்காற்று. சட்டத்தின் இடுக்கில் படியும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் ஏறினால் பசையாக இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மழையில்லாத நாளிலும் நம் வீட்டுப் படங்கள் நசநசத்துப் போவது இதனால்தான்.

ஒட்டியதை உரிக்கவே கூடாது. உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அடுப்பு வெக்கையும் ஹேர் டிரையரும் வேண்டாம். பின்புற ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். தண்ணீரில் ஊறப்போடச் சொல்பவர்களும் உண்டு. கையால் வண்ணம் தீட்டிய படமென்றால் சாயம் கரையும். பூஞ்சை பிடித்ததென்றால் பூச்சே கழன்றுவிடும். நகல் எடுக்கும்வரை அந்த யோசனையே வேண்டாம்.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டும் ஆல்பம் இன்னும் மோசம். அதன் பசை மஞ்சளாகிக் கெட்டிப்பட்டுவிடும். மெல்லிய தங்கூசியை, அதாவது தூண்டில் நைலான் நரம்பை, ஒரு முழம் நறுக்கி, இரு கையாலும் இழுத்துப் பிடித்து, படத்தின் முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே அறுப்பதுபோல் மெல்ல ஓட்டுங்கள். படம் மடங்காமல் வரும். நம் ஊரில் கிடைக்காத பொருளா அது?

பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தால் படத்துக்குள்ளேயே தேய்ந்து இறங்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு மென்தூரிகையால் தட்டிவிட வேண்டும். பெட்டிக்குள் பச்சை வேப்பிலை போடாதீர்கள். அதுவும் ஈரம்தான்.

ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வையுங்கள். மூன்றங்குலப் படம் அப்போது 1800 புள்ளி அகலத்தில் கிடைக்கும்; பெரிதாக்கினாலும் முகம் தெரியும். செல்போன்தான் இருக்கிறதென்றால் ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில், படத்துக்கு நேர் மேலே மட்டமாகப் பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் படம் சுருங்காது. பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் புடைத்துவிடும். 4பி பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். வழுவழுப்பான பின்புறத்தில் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதுங்கள்.

ஆண்டு தெரியாத படத்துக்கு அதன் பின்னணியே சாட்சி. தனுஷ்கோடி ரயில் நிலையம் முழுசாக நிற்கிறதா? 1964 டிசம்பர் புயலுக்கு முந்தையது. பாம்பன் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் சாலைப் பாலம் நிற்கிறதென்றால் 1988ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்தது. வலை பருத்தி நூலா நைலானா, தண்ணீர்க் குடம் மண்ணா பித்தளையா பிளாஸ்டிக்கா, படகில் பாய்மரம் இருக்கிறதா என்றெல்லாம் பாருங்கள். அதற்கும் முன்னால், முந்தானை இடத்தோளிலும் சட்டைப்பை இடப்பக்கமும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டுமே வலப்பக்கம் இருந்தால், நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரின்ட் போட்டிருக்க வாய்ப்புண்டு. அதைக் கவனிக்காமல் போனால் கரை எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்பதே மாறிப்போகும்.

இதைவிட முக்கியம் பெரியவர்களிடம் கேட்பது. கண்புரை உள்ள அப்பத்தாவிடம் மூன்றங்குலப் படத்தை நீட்டிப் பயனில்லை. ஏ4 தாளில் பெரிதாக்கிக் கொடுங்கள். "இது யாரு?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால், தெரியவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "இது என்ன வலை? இந்தத் தண்ணி எந்த ஊத்துல எடுத்தது? இந்தப் பெட்டி எதுக்கு?" என்று பொருளிலிருந்து தொடங்குங்கள், ஆட்களின் பெயர் தானாக வரும். முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூட்டமாக உட்கார்ந்தால் முதலில் சத்தமாகச் சொன்னவர் சொன்னதே எல்லாருடைய நினைவாகவும் ஆகிவிடும். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும், சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். படத்தின் மேல் பட்டர் பேப்பரை வைத்துத் தலைகளை மட்டும் லேசாக வரைந்து எண் போட்டுக்கொண்டால் "இடமிருந்து மூன்றாவது" என்ற குழப்பம் வராது.

தங்கள் நாளிதழும் பழைய படம் போடும்போது "அந்தக் கால மீனவர்கள்" என்பதோடு நிறுத்தாமல், ஊர், ஏறத்தாழ ஆண்டு, வலையின் பெயர், படகின் பெயர், படத்திலிருப்போர் பெயர் ஆகியவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயர் கிடைக்காத படத்துக்கு, தெரிந்தவர்கள் எழுதியனுப்ப மறுவாரம் இரண்டு வரி இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தங்கச்சிமடம்