பல் டாக்டர் மகளுக்கு லேப்காரன் எழுதுவது

அன்புள்ள மகளுக்கு,

ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணும் உன் அசிஸ்டெண்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நடுவில் மாட்டிக்கொண்டு நீ முழிக்கிறாய் என்று எழுதியிருந்தாய். யார் பக்கம் தப்பு என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பல் கட்டும் லேபிலேயே என் காலம் போயிற்று. நோயாளி வாயில் அச்செடுத்து அனுப்பும் அளவைப் பார்த்தாலே அந்த கிளினிக்கில் யாருக்கு யாரோடு ஆகாது என்பது பாதி தெரிந்துவிடும். ஸ்லிப்பில் பல் நம்பர் ஒருவர் கையெழுத்தில் இருக்கும். ஷேடு, அதாவது பல்லின் நிறம், எழுதும் இடம் காலி. அடியில் வேறொருவர் கையெழுத்தில் 'அவசரம், நாளைக்கே வேண்டும்'. அந்த நாளை நோயாளிக்கு வாக்குக் கொடுத்தவர் லேபையும் கேட்கவில்லை, டாக்டரையும் கேட்கவில்லை. போன் போட்டால், 'எனக்குத் தெரியாது சார், உள்ளே கேளுங்க' என்பார்கள்.

அதனால் யார் குணம் சரியில்லை என்று ஆராய்வதைக் கொஞ்சம் தள்ளி வை. முதலில் அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் புரட்டு. கடைவாய்ப் பல் ரூட் கெனாலுக்கும் தையல் பிரிப்பதற்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கியிருந்தால் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நோயாளி எழுந்து போனதும் நாற்காலி காலி என்று ரிசப்ஷனில் இருப்பவர் நினைக்கிறார். உள்ளே இருப்பவருக்கு வேலையே அப்போதுதான் தொடங்குகிறது. நாற்காலியைத் துடைக்க வேண்டும், கருவிகளைக் கழுவ வேண்டும், பையில் போட்டு ஒட்டி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். 134 டிகிரியில் நிற்பது மூன்று நான்கு நிமிஷம்தான். ஆனால் சூடேறி, நீராவி வெளியேறி, பை காய்ந்து கதவைத் திறப்பதற்குள் பெரும்பாலும் அரை மணி தாண்டிவிடும். அவசரப்படுத்தினால் ஈரப் பையைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஈரப் பையில் இருப்பதைச் சுத்தமானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இது ரிசப்ஷன் பெண்ணுக்கு யாராவது சொன்னார்களா? அதேபோல், ஒரு மணி நேரமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் கோபத்தை நேருக்கு நேர் வாங்கிக்கொள்வது யார் என்று உன் அசிஸ்டெண்ட் யோசித்துப் பார்த்திருப்பாளா? ஒரு நாள் காலையில் ரிசப்ஷன் பெண்ணைக் கருவி கழுவும் இடத்தில் நிற்க வை. இன்னொரு நாள் அசிஸ்டெண்ட் வெளியே ரிசப்ஷனில் உட்காரட்டும். நீ எந்தப் பிரசங்கமும் செய்ய வேண்டாம்.

தினமும் கதவு திறப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் எல்லோரும் நின்று அன்றைய பட்டியலைப் பாருங்கள். யாருக்கு ஊசி என்றால் பயம், யார் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார், யாருக்குப் பல் மேல் மாட்டும் கேப் இன்னும் லேபிலிருந்து வரவில்லை. கேப் வராமலே நோயாளியை வரவழைத்துவிட்டு, அப்புறம் ஒருவரை ஒருவர் கை காட்டும் கூத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அடுத்து சொல்வதைக் கவனமாகப் படி. தப்பான பல்லில் நீ கை வைக்கப் போனால் உன் அசிஸ்டெண்ட் உன்னைத் தடுத்து நிறுத்துவாளா? 36 என்று நீ எழுதுவது கீழ் இடது முதல் கடைவாய்ப் பல். 1 முதல் 32 வரை எண்ணும் முறையில் அதே பல் 19. இரண்டு முறையிலும் பழகியவர்கள் ஒரே இடத்தில் வேலை செய்தால் குழப்பம் வராமல் இருக்காது. போதாததற்கு, நோயாளியின் இடது பக்கம் எதிரே நிற்பவருக்கு வலது. கம்பி கட்டுவதற்காக நல்ல பல்லை எடுக்கும்போது இன்னும் மோசம். சொத்தை இருக்காது, வலி இருக்காது, சீட்டில் எழுதிய நம்பர் ஒன்றுதான் சாட்சி. குறடு வாய்க்குள் போகுமுன் அவள் நம்பரை வாய்விட்டுப் படிக்கட்டும், நீயும் திருப்பிச் சொல். சந்தேகம் வந்தால் 'டாக்டர், ஒரு நிமிஷம்' என்று சொல்லும் தைரியம் அவளுக்கு இருக்க வேண்டும். சக்‌ஷனைத் தள்ளிப் பிடித்ததற்காக நேற்று நோயாளி முன்னால் நீ சிடுசிடுத்திருந்தால், இன்று அந்த ஒரு நிமிஷம் அவள் வாயிலிருந்து வராது. (வாயைத் திறந்து படுத்திருப்பவருக்குப் பேசத்தான் முடியாது, காது நன்றாகவே கேட்கும்.)

ஊசி குத்திக்கொள்வதும் இப்படித்தான். மூடியை ஒரு கையாலேயே அள்ளி மாட்டுவது உனக்குத் தெரியும், அவளுக்கும் பழக்கு. பயன்படுத்திய ஊசியை அவள் தலையில் கட்டாதே, போட்டவரே கழற்றிப் பெட்டியில் போடுவதுதான் நியாயம். அப்படியும் குத்திவிட்டால் அடுத்த நிமிஷமே உன்னிடம் ஓடி வர வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். திட்டுவாயோ என்று பயந்து கையைக் கழுவிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டால் நேரம் போனது போனதுதான். எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுசாகப் போட்டாயிற்றா என்று இந்த வாரமே பார்த்துவிடு.

கோள் சொல்ல வருபவரிடம் 'அப்படியா' என்று கதை கேட்டு உட்காராதே. 'சரி, அவரையும் கூப்பிடுகிறேன், சேர்ந்தே பேசுவோம்' என்று சொல்லிப் பார், பாதிப் புகார் அங்கேயே நின்றுவிடும். சக்‌ஷன் ஃபில்டரைக் கழுவுவது யார் என்பதற்காக நடக்கிற சண்டையை மட்டும் சாதாரணமாக நினைக்காதே. ரத்தமும் எச்சிலும் பல் துணுக்கும் சேர்ந்து நாறும் அந்தச் சல்லடை கடைசியாக வேலைக்கு வந்தவர் தலையில்தான் எப்போதும் விழும். முறை போட்டு எழுதி ஒட்டு. அந்தப் பட்டியலில் உன் பெயரும் இருக்கட்டும். சம்பளமும் லீவும் சொன்ன நாளில் சொன்னபடி கிடைக்க வேண்டும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் தொழில் என்பதால் லேபைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷேடு பார்ப்பதை வேலை முடிகிற நேரத்துக்குத் தள்ளாதே. வாய் ரொம்ப நேரம் திறந்திருந்தால் பல் காய்ந்து வெளுப்பாகத் தெரியும். உட்கார்ந்ததுமே, பகல் வெளிச்சத்தில், நீயும் அசிஸ்டெண்டும் சேர்ந்து பாருங்கள். ஆல்ஜினேட் என்ற அச்சுப் பசையில் எடுத்த அளவு காயக் காயச் சுருங்கும். அந்த அச்சில் கல் மாவைக் கரைத்து ஊற்றும் நேரத்தில் அவளை வேறு வேலைக்கு விரட்டிவிட்டு, கேப் உட்காரவில்லை என்று லேபில் சண்டை பிடிக்காதே. முடிந்தால் உன் லேப்காரரை ஒரு நாள் வரச் சொல், அவர் செய்த கேப்பை நோயாளி வாயில் வைத்துக் காட்டு. நாங்கள் செய்ததை வாயில் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு அபூர்வம். அதற்கப்புறம் மார்ஜின், அதாவது கேப் பல்லோடு சேரும் விளிம்பு, தெளிவில்லை என்றால் அவரே போன் செய்வார். அந்த போனை உன் அசிஸ்டெண்டே எடுத்துப் பதில் சொல்லும் அளவுக்கு அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும்.

அப்பா