சேலத்துக் கடையில் கையுறை எடுத்துக் கொடுத்த தம்பிக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். கடந்த மூன்று வாரங்களாக வீடு தேடி வந்தவர்களுக்கும், குரலை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன் என்று அழைத்தவர்களுக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இடத் தோளின் கட்டைச் சிறிது நேரம் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் நேற்றுதான் சொன்னார். இரண்டு கைகளாலும் தட்டச்சு செய்ய முடிந்தவுடன் எழுதும் முதல் மடல் இது.

கொல்லிமலைச் சாலையின் 47ஆவது வளைவில் நான் பைக்கோடு விழுந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் "அவ்வளவு வேகமாகவா வந்தீர்கள்?" என்றே முதலில் கேட்டதால் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி அப்போது ஏறக்குறைய நின்றே விட்டிருந்தது. மேலேறி வந்த வாகனத்துக்கு வழிவிடுவதற்காக, ஹேண்டில் திரும்பியிருந்த நிலையிலேயே முன் பிரேக்கைப் பிடித்தேன். சரளைக்கல்லில் சக்கரம் நழுவியது. ஊன்றப் போன இடக்காலுக்கு அந்தச் சரிவில் தரை எட்டவில்லை.

பேருந்தைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, பின்னால் வந்த வண்டிகளைத் தடுத்த ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும். தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, 108 வரும்வரை தரையில் அமர்ந்து என் கழுத்து அசையாமல் இரு கைகளாலும் தாங்கியிருந்த அம்மாவுக்கும். வெயில் படாமல் குடை பிடித்த அன்னாசிப்பழ வியாபாரிக்கும். ஆம்புலன்ஸில் வந்த செவிலியர் தம்பிக்கும். தலைக்கு ஸ்கேன் எடுத்து "ஒன்றுமில்லை" என்ற சொல்லை முதலில் சொன்ன மருத்துவருக்கும். என் வகுப்புகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட சக ஆசிரியர்களுக்கும் நான் என்ன கைம்மாறு செய்வேன்? விபத்தில் உதவப் போனால் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியிருக்குமே என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு உதவி செய்தவரைப் பாதுகாக்கிறது என்பதை அங்கிருந்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்களோ தெரியவில்லை. அறியாமலும் உதவினார்கள் என்றால் என் நன்றி இன்னும் பெரிதாகிறது.

இருந்தாலும் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது அன்று அந்த வளைவில் இல்லாத ஒருவருக்காக.

எட்டு மாதங்களுக்கு முன், நாமக்கல்லிலிருந்து மலைப் பள்ளிக்கு மாற்றல் ஆனபோது, வண்டி ஓட்டுவதற்கான ஜாக்கெட் ஒன்று வாங்கச் சேலத்திலுள்ள ஒரு கடைக்குப் போனேன். பெண்களுக்கென்று அளவெடுத்துத் தைத்தவை அங்கே மிகக் குறைவு. இருந்தவற்றுள் விலை கூடியதாகவும் தடிப்பாகவும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போன என்னை, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு விற்பனையாளர் தம்பி நிறுத்தினார். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, காட்சிக்கு வைத்திருந்த பைக்கின் மேல் உட்காரச் சொன்னார். ஹேண்டிலைப் பிடிக்கச் சொன்னார். பிறகு என் முழங்கைமேல், ஜாக்கெட்டின் உட்பையில் அடி தாங்குவதற்காக வைத்திருந்த கவசத்தை இரண்டு விரலால் திருகினார். அது சட்டைக் கையோடு சேர்ந்து உட்பக்கமாகச் சுழன்றுபோய், முழங்கை எலும்பு வெறும் துணிக்குள் நின்றது. "விழும்போதும் இப்படித்தாங்க அக்கா சுத்தும். இது உங்களுக்கு வேண்டாங்க" என்றார்.

அவர் எடுத்துக் கொடுத்தது விலையில் ஏறத்தாழ பாதிதான்; ஒரு அளவு சிறியது; காற்றுப் புகும் வலைத் துணியால் ஆனது. கவசத்தைப் பையிலிருந்து உருவி, அதில் இஎன் 1621 என்ற ஐரோப்பியத் தர முத்திரையும் பக்கத்தில் நிலையைக் குறிக்கும் எண்ணும் இருக்கிறதா என்று எனக்குக் காட்டிவிட்டுத் திரும்பச் செருகினார். கவசத்தின் மேல் 50 ஜூல் ஆற்றலோடு ஓர் எடையை விழச் செய்து, அடிப்பக்கத்துக்கு எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளப்பதே அந்தச் சோதனை. கை கால் மூட்டுக் கவசங்களில் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மிகாவிட்டால் முதல் நிலை, 20 கிலோநியூட்டனுக்கு மிகாவிட்டால் இரண்டாம் நிலை. இவற்றைப் பின்னர் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "எந்த நிலையா இருந்தாலும் மூட்டு மேல நிக்கலைன்னா பிரயோஜனம் இல்லைங்க."

மிச்சப்பட்ட பணத்தில் கையுறை வாங்கிக்கொள்ளச் சொன்னார். மலையில் மெதுவாகத்தானே போகப் போகிறேன், கையுறை எதற்கு என்று கேட்டேன். அவர் தம் வலது சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினார். உட்புறத்தில் வெளுத்த கோடாக ஒரு தழும்பு; ஓரங்களில் தையல் போட்ட புள்ளிகள்கூடத் தெரிந்தன. ஒரு வேகத்தடையருகே, நடந்து போகும் வேகத்தில் விழுந்தாராம். விழுகிறவர் யாராக இருந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுவார். வெறும் உள்ளங்கை தார்ச்சாலையைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிட, உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டின் மேல் வந்து இறங்குகிறது. பெருவிரலின் அடியில் ஸ்கேபாய்டு என்று ஒரு சிறு எலும்பு இருக்கிறது. முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ஒட்டுவதற்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். கையுறையின் உள்ளங்கை அடியில் வைத்திருக்கும் கெட்டியான வழுவழுப்பான வில்லை, கை சாலையில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காகவே இருக்கிறது. அதையெல்லாம் ஓர் உறவினரிடம் சொல்வதுபோல் சொல்லி, கையுறையை மாட்டி, முஷ்டியை மடக்கச் சொல்லி, மணிக்கட்டுப் பட்டையை இழுத்து ஒட்டிய பிறகுதான் என்னைப் பணம் கட்ட விட்டார். விலை கூடிய ஜாக்கெட்டை விற்றிருந்தால் அவருக்கு ஏதேனும் ஊக்கத்தொகை கிடைத்திருக்குமோ என்னவோ!

அந்த இடக்கைக் கையுறை இப்போது என் மேசையின் மேல் இருக்கிறது. உள்ளங்கை வில்லையின் பாதி தேய்ந்து, சாம்பல் நிறத்தில் இழை இழையாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. ஒரு பள்ளத்தில் சரளைத் துகள் ஒன்று இன்னமும் பதிந்திருக்கிறது. சுண்டுவிரல் பக்கத் தையல் விட்டுப்போயிருக்கிறது. உள்ளே இருந்த என் கையில் ஒரு கீறல் இல்லை. ஜாக்கெட்டின் இட முழங்கைத் துணி கிழிந்து கவசம் வெளியே தெரிகிறது. அது முழங்கையின் மேலேயே நின்றிருக்கிறது. காறை எலும்பு முறிந்தது உண்மைதான். தோள் கவசம் எல்லா அடியையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தோள் மட்டும் ஆறினால் போதும் என்ற நிலையில் நான் இருப்பதற்கும், தலைக்கும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் சேர்த்து மருத்துவமனையில் படுத்திருக்காமல் இருப்பதற்கும் காரணம் எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் இயக்கச் சமன்பாடுகளை ஆண்டுதோறும் நடத்துகிறேன். படுக்கையில் இருந்தபோதுதான் அதே கணக்கை எனக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. ஐந்து அடி உயரத்திலிருந்து விழும் பொருள், தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. வேகத்தை எட்டிவிடுகிறது. பைக்கில் அமர்ந்திருப்பவரின் தலை ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது; வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பது இந்தக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை. என் ஐஎஸ்ஐ தலைக்கவசத்தின் இடப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிராய்ப்பு இருக்கிறது. உள்ளே இருக்கும் தெர்மகோல் போன்ற பகுதி ஒரு முறை நசுங்கித் தன் வேலையைச் செய்துவிட்டால் மறுமுறை உதவாது என்பதால் அதை இனி அணியமாட்டேன். பள்ளி திறந்ததும் வகுப்பறை மேசையில் வைத்து, ஆசிரியர் எதன்மேல் விழுந்தார் என்று பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் செய்வேன்.

செம்மேடு கடைவீதிக்குப் போய்வரும் ஐந்து நிமிடத்துக்கும் இனிக் கையுறை இல்லாமல் சாவியைத் தொடமாட்டேன். பின்னால் அமரும் என் மகளுக்கும் அவள் தலைக்குப் பொருந்தும் கவசம் வாங்குகிறேன். நான்கு வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் அது கட்டாயம் என்று சட்டம் சொல்லியும், "பக்கத்தில்தானே" என்று இத்தனை நாள் விட்டிருந்த குற்றம் என்னுடையது. வெயிலில் புழுங்குமே என்று கேட்கிற தோழிகளுக்கு, புழுங்கும் என்பதுதான் என் பதில். சமவெளியில் ஏப்ரல் மாதத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்பது துன்பம். அந்தத் துன்பம் வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் போய்விடுகிறது.

மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே அந்தக் கடைக்குத் தொலைபேசி செய்தேன். அந்தத் தம்பி நான்கு மாதங்களுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

தம்பி, இது உங்கள் பார்வைக்கு வந்தால், உங்களுக்கு என்னை நினைவிருக்காது. ஒரு நாளில் எத்தனையோ பேருக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டிருப்பீர்கள். பெரிய அளவை வாங்க அடம்பிடித்த ஆசிரியை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள் ஆறியதும் சேலம் வந்து அதே கையுறையை அதே அளவில் வாங்கப் போகிறேன். முஷ்டியை மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன். உங்கள் மணிக்கட்டு இப்போது முழுதாகக் குணமாகிவிட்டதா, குளிர் நாட்களில் வலிக்கிறதா என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள்.

மிகுந்த நன்றியுடன்,
அறிவியல் ஆசிரியை,
கொல்லிமலை