சாக்கெட் பொருந்தினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டு இன்வர்ட்டரை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டோடு இணைத்து, பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று போனிலேயே பார்க்கும் வழியைச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டுக்குப் பயந்து இன்வர்ட்டர் மாட்டிய டர்பன் வீடுகளுக்கு உதவும் கட்டுரைதான். ஆனால் ‘சீரியல் ஒயர்களை நேராக போர்டின் பின்களில் செருகவும்’ என்ற ஒரே வரி போர்டைக் காவு வாங்கிவிடும். இன்வர்ட்டர் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. அப்படிச் செத்த போர்டுகள் என் மேசைக்கு வருவதுண்டு.

சீரியல் என்றால் பூஜ்யம், ஒன்று என்ற பிட்டுகள் ஒரே ஒயரில் வரிசையாக வரும், அவ்வளவுதான். எத்தனை வோல்ட்டில் வரும் என்பது வேறு கேள்வி. பல இன்வர்ட்டர்களில் இருப்பது 1960இல் வந்த ஆர்எஸ்-232 என்ற சீரியல் முறை. அதில் பூஜ்யத்துக்கு பிளஸ் 3 முதல் 15 வோல்ட். ஒன்றுக்கு மைனஸ் 3 முதல் 15. ஆமாம், ஒன்றுக்குத்தான் மைனஸ். ராஸ்பெர்ரி பையின் பின்னோ 3.3 வோல்ட்டுக்கானது, அர்டுயினோ ஊனோ என்ற இன்னொரு சின்ன போர்டு தரும் 5 வோல்ட்டையே தாங்காது.

இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்தால் ஆகாதா என்பார்கள். 5 வோல்ட்டை 3.3 ஆக்க அது போதும். ஆர்எஸ்-232இல் எவ்வளவு குறைத்தாலும் மைனஸ் மைனஸாகவேதான் நிற்கும், ராஸ்பெர்ரி பை எதிர்பார்ப்பதற்கு ஒன்றும் பூஜ்யமும் தலைகீழாகவே இருக்கும். நடுவில் வோல்ட்டை மாற்றித் தரும் மேக்ஸ் 3232 சிப் வேண்டும். 3.3 வோல்ட்டிலேயே ஓடும். பக்கத்தில் வைக்கும் சின்னக் கெபாசிட்டர்களை வைத்துக்கொண்டு தனக்கு வேண்டிய பிளஸ், மைனஸ் இரண்டையும் தானே உண்டாக்கிக்கொள்ளும். கடைக்காரர் பழைய மேக்ஸ் 232ஐ நீட்டினால் வாங்காதீர்கள், அது 5 வோல்ட் சரக்கு.

சாக்கெட்டைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. ஆர்எஸ்-232, வேறு தொடர்பு முறைகளான ஆர்எஸ்-485, கேன் மூன்றுமே இன்டர்நெட் கேபிள் போகும் அதே ஆர்ஜே-45 சாக்கெட்டில் வருகின்றன. எந்தப் பின் எது என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலைப் பார்த்தே ஆக வேண்டும். பிறகு மல்டிமீட்டரை டிசியில் வைத்து, கறுப்பு முனையை கிரவுண்டிலும் சிவப்பை இன்வர்ட்டர் அனுப்பும் பின்னிலும் தொடுங்கள். தரவு ஓடாமல் சும்மா இருக்கையில் மைனஸ் 5 முதல் 12க்குள் காட்டினால் ஆர்எஸ்-232. பிளஸ் 3.3 அல்லது 5இல் நின்றால் டிடிஎல், அதாவது மைனஸ் இல்லாத சீரியல். 5 என்றால் அப்போது அந்த ரெசிஸ்டர்கள் உதவும்.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது, சிப்போடு சேர்ந்த ஒயரிங் படத்தையும் அச்சிடுங்கள். பழைய படத்தைப் பார்த்து ஏற்கெனவே கடைக்குப் போனவர்கள் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்