ரைஃபிளைக் கயலுக்குக் கொடுக்குமுன் போல்ட்டைக் கழற்றிப் பார்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்ததில் நிம்மதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து கயலுக்கு ஐம்பது மீட்டர் ரைஃபிள் சுடும் ஆசை என்றும், உன் பழைய ரைஃபிளிலேயே பழகட்டும் என்றும் எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் அது பல வருஷம் சும்மா கிடந்த ரைஃபிள். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

போனில் சொன்னேனே, என் குண்டுகள் மேலும் கீழுமாகவே சிதறுகின்றன என்று. பக்கவாட்டில் விலகலே இல்லை. மூச்சுப் பிடிப்பதில் தப்போ என்று நினைத்தேன், கண் டாக்டரைப் பார்த்தேன், தோட்டாவை மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளைப் பொறுக்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஃபயரிங் பின், அதாவது தோட்டாவை அடிக்கும் ஊசி, பதித்த தடம் ஒரு கூட்டின் விளிம்பில் ஆழமாக இருந்தது. அடுத்ததில் நகம் பட்ட மாதிரி லேசாக இருந்தது.

குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றினால், உள்ளே ஃபயரிங் பின்னைத் தள்ளும் ஸ்பிரிங் முழுக்கப் பழைய எண்ணெய், பழுப்புப் பிசினாக. துடைத்துப் புது ஸ்பிரிங் பக்கத்தில் வைத்தேன். பழசு 3 மில்லிமீட்டர் குட்டை. கண்ணாடி மேல் உருட்டினால் தள்ளாடியது.

.22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்தான் இருக்கிறது. அடி ஒவ்வொரு தடவையும் ஒரே பலத்தில் விழாவிட்டால் அது ஒரே மாதிரி பற்றாது, வேகம் மாறும். மேட்ச் தோட்டா நொடிக்கு சுமார் 325 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதில் 10 மீட்டர் குறைந்தாலே ஐம்பது மீட்டரில் குண்டு ஆறேழு மில்லிமீட்டர் இறங்கிவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் அகலமே 10.4 மில்லிமீட்டர்தான். ஸ்பிரிங் மாற்றிய அன்றே என் குண்டுகள் பழையபடி ஒரே இடத்தில் உருண்டையாக விழுந்தன. அந்த டார்கெட் கார்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்னுடையதையும் பார்த்துவிடு. முதலில் தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று விரலை விட்டே உறுதி செய். கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியால் பொத்திப் பிடித்துக் கழற்று; ஸ்பிரிங் தெறிக்கும். வெர்னியரில் நீளம் அள. பின்னின் நுனி சிதைந்திருக்கிறதா என்றும் பார். உள்ளே எண்ணெய் பெயருக்குப் போதும்; டிசம்பரில் டெல்லி ரேஞ்சில் சுட நேர்ந்தால் குளிரில் கிரீஸ் இறுகிப் பின்னின் வேகத்தைத் தின்றுவிடும். பழைய ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி மட்டும் போடாதே. நீளம் வரும், பலம் வராது. அப்புறம், பீரோவில் வைக்கும்போது காக் செய்தபடி, அதாவது ஸ்பிரிங் அழுந்தியிருக்கும்படி, வைக்காதே.

நம் இரண்டு பேருடையதும் ஒரே மாடல்தானே. என்னிடம் புது ஸ்பிரிங் இன்னொன்று இருக்கிறது. அளந்ததும் எழுது, அனுப்பி வைக்கிறேன். கயலிடம் மாமா விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராஜு