பிளோவ்திவுக்கு அரை நாள் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த பல்கேரியப் பயணக் கட்டுரையை என் தங்கைதான் முதலில் படித்தாள். "அக்கா, நம்ம ஊரை அரை நாளில் முடித்துவிட்டார்கள், பார்" என்று பேப்பரை என்னிடம் நீட்டினாள். நம்ம ஊர் என்று அவள் சொல்வது பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரை. 2025 மே மாதம் அங்கே மூன்று இரவு தங்கிவிட்டு வந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறாள்.

காலையில் தலைநகர் சோபியாவில் பஸ் ஏறி, பிளோவ்திவின் பழைய நகரைப் பார்த்துவிட்டு, மாலையே சோபியா திரும்பிவிடலாம் என்கிறது கட்டுரை. நாங்களும் முதலில் அப்படித்தான் திட்டம் போட்டோம். எனக்கு 64 வயது, வலது முழங்காலில் மாற்று மூட்டு. தங்கை என்னைவிட ஐந்து வயது சின்னவள், ஆனால் முதுகுவலிக்காரி. எங்களைப் போன்றவர்கள் அந்தக் கட்டுரையை நம்பிக் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

சோபியாவின் மத்தியப் பேருந்து நிலையம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. பஸ் வாசலில் நின்ற ஓட்டுநரிடம் "பிளோவ்திவ்?" என்று கேட்டேன். அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். இல்லை என்கிறார் போலும் என்று ஒதுங்கி நின்றோம். எங்கள் கண் முன்னாலேயே பஸ் கிளம்பிப் போனது. பல்கேரியாவில் அப்படி ஆட்டினால் ஆமாம் என்று அர்த்தம். தலையை மேலே வெட்டினால்தான் இல்லை. சரி என்பதற்குப் பக்கவாட்டில் தலையாட்டியே வளர்ந்த நாங்கள் இருவரும் இதைப் புரிந்துகொள்ளாமல் நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெளிநாட்டுக்காரர்களுக்காகச் சிலர் மாற்றியும் ஆட்டுவார்களாம், அது இன்னும் குழப்பம். தலையைப் பார்க்காதீர்கள், வாயைக் கேளுங்கள்: 'தா' என்றால் ஆமாம், 'நே' என்றால் இல்லை.

சுமார் 145 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. அன்று திங்கட்கிழமை வேறு. பழைய நகர் இருக்கும் மேட்டில் ஏறிப் போய்ப் பார்த்தால் இனவியல் அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்தது. அங்கே திங்களன்று விடுமுறை. மூச்சு வாங்க ரோமானிய அரங்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம், திரும்பினோம். அன்று பார்த்தது அவ்வளவுதான். வியாழக்கிழமை பெட்டியோடு மறுபடி போய் ஞாயிறு வரை தங்கினோம்.

அந்த மேட்டைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். முப்பது வருடம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தவள் நான். கட்டுரை "கல் பாவிய அழகிய தெருக்கள்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. அந்தக் கற்கள் ஒவ்வொன்றும் ஒரு மேடு, இடையில் ஒரு பள்ளம், 'கல்தரம்' என்கிறார்கள். மிதிக்கும்போது பாதம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாயும், அதைச் சமாளிக்கும் வேலை முழங்காலுக்கு. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் மூட்டு தன் கணக்கைக் கேட்கும். மழை பெய்தால் வழுக்கும். அடி தடித்த ரப்பர் செருப்பு கூடாது, கணுக்காலைப் பிடிக்கும் ஷூ வேண்டும். மடக்குகிற கைத்தடி இருந்தால் வெட்கப்படாமல் எடுத்துப் போங்கள். சக்கரப் பெட்டியை அந்தத் தெருவில் இழுத்துப் போன ஒரு தம்பதியைப் பார்த்தோம். கொஞ்ச தூரத்திலேயே பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார் அந்த மனிதர்.

ஆகவே, பழைய நகருக்குள்ளேயே அறை எடுங்கள் என்று கட்டுரை சொல்வதையும் நான் ஏற்கவில்லை. கீழே, இளவரசர் அலெக்சாந்தர் பெயரில் இருக்கும் நடைத்தெருவை ஒட்டி அறை எடுத்தால் எல்லாம் சமதரை. பஸ்கள் வந்து நிற்கும் தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் நடையில் இருபது நிமிடம். காலையில் வெயில் ஏறுவதற்குள் மேலே போய், மதியத்துக்குள் இறங்கிவிடலாம். ஜூலை, ஆகஸ்டில் இந்த ஊர் கொதிக்கும். மே அல்லது செப்டம்பர் போங்கள்.

மேலே ஏறுவதற்கு அந்த அரங்கம் ஒன்றே போதும். ரோமானியர் கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டியது. மண்ணுக்குள் மறைந்தே கிடந்ததை 1970களில்தான் தோண்டி எடுத்தார்கள். பளிங்குப் படிகளில் உட்கார்ந்தால் மேடைத் தூண்களுக்குப் பின்னால் நகரம், அதற்கும் பின்னால் ரோதோப்பி மலை. கோடையில் இன்றும் அங்கே ஓபரா நடக்கிறது. பக்கத்துத் தெருக்களில் 19ஆம் நூற்றாண்டு வணிகர் வீடுகள். மேல்தளம் கீழ்த்தளத்தைவிடத் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஹிந்த்லியான் என்ற ஆர்மீனிய வணிகரின் வீட்டுச் சுவரில் பன்னீர் ஊற்று ஒன்று இருக்கிறது. தங்கை அதன் முன்னாலிருந்து நகர மறுத்துவிட்டாள்.

ஏற முடியாதவர்களுக்கும் இந்த ஊரில் குறைவில்லை. ஜுமயா மசூதிக்கு எதிரே தரைக்குக் கீழே ரோமானிய விளையாட்டரங்கின் வளைந்த முனை தெரியும். மிச்சம் முழுக்க நீங்கள் நடக்கும் கடைத்தெருவுக்கு அடியில் கிடக்கிறது. 2021இல் பார்வையாளர்களுக்குத் திறந்த பழங்கால ஆயர் பேராலயத்தின் மொசைக் தரையில் நூறுக்கும் மேற்பட்ட பறவைகள். அங்கேயே ஒரு காலைப்பொழுது போய்விட்டது எங்களுக்கு. அரை நாள் பயணத்தில் இதற்கெல்லாம் எங்கே நேரம்? 'அய்லியாக்' என்று அந்த ஊர்க்காரர்களுக்கே ஒரு சொல் உண்டு. அவசரப்படாமல் இருப்பது என்று சொல்லலாம். பழைய கைவினைஞர் பகுதியான கபானாவில் சாயங்காலம் ஒரு காபியோடு உட்கார்ந்து பாருங்கள், புரியும்.

எழுத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. பெயர்ப் பலகைகள் பல பல்கேரிய மொழியின் சிரிலிக் எழுத்தில் மட்டுமே இருக்கும். ஆங்கில 'பி' போல இருப்பது 'ர', 'எச்' போல இருப்பது 'ந', 'சி' போல இருப்பது 'ஸ'. ரெஸ்டாரண்ட் பலகையை 'பெக்டோபாட்' என்று படித்துவிட்டு மருந்துக்கடை என்று நினைத்துத் தாண்டிப் போனவள் நான். ஒரு வாரம் தினம் பத்து நிமிடம் ஒதுக்கினால் எழுத்து வந்துவிடும். மே 24 அந்த எழுத்துக்கே தேசிய விடுமுறை. நாங்கள் இருந்த சனிக்கிழமை அதுதான். பள்ளிப் பிள்ளைகள் பூமாலையும் பேண்டு வாத்தியமுமாக ஊர்வலம் போனார்கள். எழுத்துக்கு ஊர்வலம் என்றதும் எங்கள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. 'பெஸ் மெஸோ' என்றால் இறைச்சி இல்லாமல். பீன்ஸ் சூப், வெண்பாலாடைக்கட்டி தூவிய ஷோப்ஸ்கா சாலட், அப்புறம் தயிரில் வெள்ளரிக்காயும் பூண்டும் சதகுப்பைக் கீரையும் போட்ட தாராதோர். மூன்று நாளும் இவைதான்.

இனித் திருத்தங்கள் இரண்டு. பல்கேரியாவின் பழைய பணமான லெவாவைக் கையில் மாற்றிக்கொண்டு போகச் சொல்கிறது கட்டுரை. 2026 ஜனவரி 1 முதல் பல்கேரியாவின் பணம் யூரோ. பிப்ரவரியிலிருந்து கடைகளில் லெவா செல்லாது. யாராவது மலிவாக லெவா தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அடுத்தது, பல்கேரியாவுக்குத் தனி விசா என்பது பழைய கதை. 2025 ஜனவரி 1 முதல் அது, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டுக்குள் முழுமையாக வந்துவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் பல நாடுகளுக்குப் போவதானால், அதிக நாள் தங்கும் நாட்டின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் அவசியம்.

எங்களிடம் மிஞ்சிய ஒரு 20 லெவா நோட்டு இருக்கிறது, பத்து யூரோவுக்குச் சற்று அதிகம். பல்கேரிய தேசிய வங்கி காலக்கெடு இல்லாமல் மாற்றித் தருகிறது. யாராவது போகிறவர்களிடம் கொடுத்தனுப்பலாம் என்றேன். "எதற்கு? நாமே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று தங்கை அதைத் தன் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட், உங்கள் நீண்டநாள் வாசகி